முகநூலும் வாட்ஸ்அப்பும் இருக்கும் காலத்தில் தனி வலைப்பதிவு எதற்கு?

வடகடலான் (தங்கச்சிமடம்)

எல்லோருக்கும் வணக்கம். மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுபவன் நான். பல வருடங்களாக ஒரு சமூக ஊடகத்தில் எங்கள் கடலைப் பற்றிச் சிறு குறிப்புகள் எழுதிவருகிறேன். தென்மேற்குக் காற்றான கச்சான் எப்போது பிடித்தது, வடகிழக்குக் காற்றான வாடை எப்போது திரும்பியது, நண்டு எந்த வாரத்தில் கூடியது, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து முதலில் போன விசைப்படகுகள் எதைக் கொண்டுவந்தன என்பது மாதிரி. எழுதிய அன்று விருப்பக்குறிகள் விழும், "அருமை அண்ணா" என்பார்கள். மறுநாள் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவி வந்தார். 2018 நவம்பரில் கஜா புயலுக்கு முந்தைய நாட்களில் இங்கே நீர் எப்படி இருந்தது என்று நான் எழுதியதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். எழுதியது உண்மை. எப்படியெல்லாமோ தேடினேன், அகப்படவில்லை. என் குறிப்பை நானே எடுக்க முடியாதென்றால் அது யாருடைய குறிப்பு?

தனியாக ஒரு வலைப்பதிவு தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். இந்தக் காலத்தில் அதை யாராவது படிக்கிறார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சாயல்குடி மிளகாய்

வலைப்பதிவா? அடுத்து, தந்தி அடிக்க எந்தப் படிவம் வாங்க வேண்டும் என்று கேட்பீர்கள் போலிருக்கிறது. அதை 2013-லேயே மூடிவிட்டார்கள் அண்ணே.

பழைய பதிவர் (ராமநாதபுரம்)

மிளகாய்த் தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் மாதம் பொருந்தி வருகிறது. இந்தியத் தந்தி சேவை நின்றது 2013 ஜூலை நடுவில். வலைப்பதிவுகளில் புதிதாக வருவதை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடரை மூடியதும் அதே ஜூலை முதல் தேதிதான். வலைப்பதிவுகளை முகநூல் கொன்றுவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். எழுதுபவன் எங்கே எழுதினாலும், புதிதாக எழுதியிருக்கிறான் என்ற செய்தி படிப்பவனுக்கு வந்து சேர வேண்டும். தமிழில் அந்த வேலையை 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி செய்தது. காலையில் அதைத் திறந்தால் சிங்கப்பூரிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர், பரமக்குடியிலிருந்து ஒருவர் என்று வரிசையாக இருக்கும். வரிசை என்றால் நேர வரிசை. யாருக்கு எது பிடிக்கும் என்று எந்திரம் முடிவு செய்யவில்லை. திரட்டிகளும் கூகுள் ரீடர் மாதிரியான செய்தியோடைப் படிப்பிகளும் வலுவிழந்ததும் வாசகர் கலைந்துவிட்டார். வாசகர் போனதால் எழுதியவர்களும் போனார்கள்.

இனி வடகடலான் தம்பிக்கு. நீங்கள் தொலைத்தது ஒரே ஒரு குறிப்பு. மொத்தமாகத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள். ஜியோசிட்டீஸ் 2009-இல் போனது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. கூகுள் பிளஸ் 2019-இல். மைஸ்பேஸ், 2015-க்கு முன் ஏற்றிய பாடல்களைச் சேவையகம் மாற்றும்போது இழந்துவிட்டதாக 2019-இல் சொன்னது. நம் ஆட்கள் இணையத்தில் தமிழில் கூடிப் பேசத் தொடங்கிய காலத்தில் மரத்தடி, ராயர் காபி கிளப் என்று யாகூ குழுமங்கள் இருந்தன. யாகூ குழுமச் சேவையே 2020 டிசம்பரில் மூடப்பட்டது. முகநூலில் நீண்ட கட்டுரை எழுத "குறிப்புகள்" என்று ஒரு வசதி இருந்தது நினைவிருக்கிறதா? 2020 அக்டோபர் இறுதியோடு அதில் புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

இவை எல்லாம் ஓடிக்கொண்டிருந்த நாட்களில் யாரும் இவை மூடப்படும் என்று நினைக்கவில்லை. நானும்தான்.

உப்புக்காற்று (ராமேஸ்வரம்)

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன், இது ஓய்வு பெற்றவர்களின் கவலை. நான் காணொளி எடுக்கிறேன். தடைக்காலம் முடிந்து ஜூன் நடுவில் படகுகள் திரும்பும்போது துறைமுகத்தில் நின்று எடுத்தால் ஒரே இரவில் துபாய், குவைத், மலேசியா என்று பார்க்கிறார்கள். அதில் வரும் காசில் படக்கருவி வாங்கியிருக்கிறேன். என் சித்தப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவருக்கு எதற்கு வலைப்பதிவு? அவர் பார்க்கிறார், கேட்கிறார், "அது சூடை இல்லையடா, சாளை" என்று திருத்துகிறார். கடலைப் பற்றித் தெரிந்தவர்களில் பலர் எழுதுபவர்கள் இல்லை, பேசுபவர்கள். பேச்சை எழுத்தாக்கி யாரும் வராத இடத்தில் வைப்பதால் என்ன லாபம்?

வடகடலான்

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பாம்பனில் கடலோசை 90.4 பண்பலை 2016 முதல் அதைத்தான் செய்கிறது. மீனவர்களே பேசும் வானொலி, படகில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். ஆனால் 2018-இல் அதில் ஒரு பெரியவர் நீரோட்டத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று இன்று எனக்குத் தேவைப்பட்டால் எங்கே போவது? உங்கள் காணொளியிலும் அப்படித்தான். பன்னிரண்டாவது நிமிடத்தில் உங்கள் சித்தப்பா ஏதோ தங்கமான விஷயம் சொல்லியிருப்பார். தலைப்பில் "அடேங்கப்பா! இவ்வளவு பெரிய மீனா!" என்று இருக்கும்.

உப்புக்காற்று

தலைப்பு அப்படி வைக்காவிட்டால் நீங்களே திறந்து பார்க்க மாட்டீர்கள் அண்ணா.

சாயல்குடி மிளகாய்

உண்மை. நான் திறந்தேன். மீன் அவ்வளவு பெரியதில்லை.

உச்சிப்புளி டீச்சர்

பள்ளிக்கூடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி ஒரு செயல்திட்டம் கொடுத்தோம். 21 தீவுகள், 1986-இல் தேசியப் பூங்கா, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம், இவற்றைப் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். "பூங்கா ஆன பிறகு, கடற்பாசி எடுக்கப் போன பெண்கள் என்ன செய்தார்கள்?" என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். அவளுடைய பாட்டியே பாசிக்குப் போனவர்தான். ஆனால் ஆதாரம் காட்ட வேண்டுமே. தமிழில் தேடினால் சுற்றுலாப் பக்கங்களும் செய்தித்தாள் துணுக்குகளும் வந்தன. அந்தப் பெண்களே பேசியது எங்காவது இருந்தால் அது யாருடைய முகநூல் பக்கத்திலோ இருக்கும், கணக்கு வைத்து உள்ளே போனால்தான் முழுதாகப் படிக்க முடியும். பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு இருக்கக்கூடாது, அது அவர்களின் விதியே.

இன்னொரு பக்கம் பாருங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-இல் மண்டபத்தில்தான் தொடங்கியது. 1971-இல் தலைமையகம் கொச்சிக்குப் போய்விட்டது. அவர்கள் 1950-களில் இந்தக் கடலைப் பற்றி எழுதிய கட்டுரைகளை இன்று இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். தேதி இருக்கிறது, எழுதியவர் பெயர் இருக்கிறது, பக்க எண் இருக்கிறது. எழுபது வருடத்துக்கு முந்தைய கட்டுரை கிடைக்கிறது, 2018-இல் வடகடலான் தம்பி எழுதியது கிடைக்கவில்லை. அந்தக் கட்டுரைகள் ஆங்கிலத்தில், ஆராய்ச்சியாளர் கண்ணால் பார்த்தவை. ஏலக்கூடத்திலிருந்து பார்த்தவர் தமிழில் எழுதி, தேதியோடு, திறந்த இடத்தில் வைத்தால் என் பிள்ளைகளுக்குப் போதும். பத்துப் பேர்கூடப் படிக்க வேண்டாம்.

பாய்மரம் (பாம்பன்)

நான் குரலில் சொல்லி எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அழிந்துபோவதைப் பற்றியே அழுகிறீர்கள். அழியாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தீர்களா?

கடலுக்கடியில் பாறைத்திட்டான பார் எங்கே இருக்கிறது என்று என் தகப்பனார் கரையில் இருக்கும் பனையையும் கோபுரத்தையும் ஒன்றோடொன்று நேர்வைத்துக் காட்டினார். அதை வேறொரு படகுக்காரனிடம் நான் சொன்னதில்லை. இன்று ஒருவன் செல்போனில் அந்த இடத்தைக் குறித்து, படம் எடுத்து, எழுதிப் போடுகிறான். சமூக ஊடகத்தில் போட்டால் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள், அது நல்லது. தம்பி சொல்கிற மாதிரி பத்து வருடம் தேடினாலும் கிடைக்கும்படி வைத்தால், எங்கிருந்தோ இழுவைமடி வலைக்காரன் வந்து அந்தப் பாரை வழித்துக்கொண்டு போவான். மறதியும் வேண்டும்.

வடகடலான்

ஐயா, இதை நான் யோசிக்கவே இல்லை. கொஞ்சம் நேரம் கொடுங்கள், எழுதுகிறேன்.

கீழக்கரை கடிதம் (துபாய்)

பாய்மரம் ஐயா சொன்னதற்கு ஒரு கிளை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் பெரியம்மா ஒருவர் குரல் பதிவாகப் போட்டுக்கொண்டே இருந்தார். தொதல் இனிப்பு கிண்டும் பக்குவம், கல்யாண வீட்டுப் பாட்டுகள், எந்தத் தெருவில் யார் வீடு, யார் கொழும்புக்குப் போனார், யார் திரும்பவில்லை. அரபு எழுத்தில் தமிழ் எழுதிய பழைய ஏடு ஒன்றை அவரே வாசித்தும் காட்டினார். ஊரில் அந்த எழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கக்கூடியவர்கள் இப்போது மிகக் குறைவு. பெரியம்மா மௌத்தான பிறகு எல்லோரும் அவர் குரலைத் தேடினோம். என் செல்போன் மாறியிருந்தது. தம்பி இடம் போதவில்லை என்று அழித்திருந்தான். கடைசியில் மலேசியாவில் இருக்கும் மச்சான் ஒருவரிடம் சில கிடைத்தன.

அவற்றை எழுத்தாக்கி ஒரு வலைப்பதிவில் போடுகிறேன். பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்டால் உப்புக்காற்றுத் தம்பி சிரிப்பார். ஆனால் இலங்கையிலிருந்து ஒருவர், எனக்கு முன்பின் தெரியாதவர், "நீங்கள் எழுதிய பாட்டின் மூன்றாவது வரி எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி" என்று மடல் அனுப்பினார். அவர் என் நண்பர் பட்டியலில் இல்லை, வரப்போவதும் இல்லை. பாட்டின் முதல் வரியைத் தேடி வந்திருக்கிறார். சமூக ஊடகத்தில் ஏற்கெனவே நம்மைத் தெரிந்தவர்கள்தான் படிக்கிறார்கள். வலைப்பதிவுக்கு விஷயத்தைத் தேடுபவர் வருகிறார். இரண்டு கூட்டமும் வேறு வேறு.

உப்புக்காற்று

காக்கா (உங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவார்கள்), நான் சிரிக்க மாட்டேன். ஆனால் அதையே குரலோடு யூடியூபில் போட்டிருந்தால் பெரியம்மாவின் குரலும் இருந்திருக்கும் அல்லவா? எழுத்தில் ராகம் வருமா?

கீழக்கரை கடிதம்

வராது தம்பி. ஆனால் வீட்டுப் பெண்களின் குரலை ஊர் கேட்க வைப்பதற்கு எங்கள் வீட்டில் எல்லோரும் சம்மதிக்கவில்லை. எழுத்துக்குச் சம்மதித்தார்கள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

மண்டபம் முகாம் (கணினி பழுதுபார்ப்பவன்)

உப்புக்காற்றுக்கு ஒரு கேள்வி. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது நம் கரையில் எத்தனை பையன்கள் ஒரே இரவில் பார்வையாளர் இல்லாமல் நின்றார்கள்? என் கடைக்கு வந்து, "அண்ணே, என் காணொளிகளை எடுத்துத் தர முடியுமா" என்று கேட்டார்கள். முகநூல் 2025 பிப்ரவரியிலிருந்து நேரலைக் காணொளிகளை 30 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. யூடியூபும் ஒரு கம்பெனிதான். நீங்கள் எடுத்த மூலக் கோப்புகள் உங்கள் வன்வட்டில் இருக்கின்றனவா?

உப்புக்காற்று

கொஞ்சம் இருக்கின்றன.

சாயல்குடி மிளகாய்

"கொஞ்சம்" என்றால் இல்லை என்று எங்கள் ஊரில் பொருள்.

நெறியாளர்

கேலி போதும். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

வடகடலான்

பாய்மரம் ஐயாவுக்கு. ஏலக்கூடத்தில் பேரம் சத்தமாக நடக்கும். கணக்கு நோட்டு மௌனமாக இருக்கும். இரண்டிலும் எதைச் சொல்வது, எதை எழுதுவது என்று எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எந்தப் படகு எவ்வளவு கொண்டுவந்தது என்று எழுதுவேன், எந்த இடத்தில் வலைவிட்டது என்று கேட்கவே மாட்டேன். வலைப்பதிவிலும் அப்படியே: இடம் எழுதக்கூடாது, மாதமும் காற்றும் எழுதலாம். கச்சான் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளித்தால் வடகடலான பாக் நீரிணை தணிந்திருக்கும், வாடைக்கு அது தலைகீழ் என்பதெல்லாம் ஊரறிந்தது. இந்த வருடம் அது எத்தனை நாள் முன்பின் ஆனது என்பதுதான் எனக்கு வேண்டும். இதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?

பாய்மரம்

அதற்கு ஆட்சேபம் இல்லை. முன்பின் ஆகிறது என்பதை எழுதத்தான் வேண்டும். வயதானவன் புலம்புகிறான் என்று சொல்கிறார்கள், தேதியோடு இருந்தால் வாயை மூடுவார்கள்.

ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. பிடிபட்டவர்கள் விஷயம். எல்லை தாண்டினார்கள் என்று இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும்போது அன்றைக்கே பெயர், தகப்பனார் பெயர், படகு எண், எல்லாம் செல்போனில் சுற்றுகிறது. வீட்டுக்காரர்களுக்குத் தகவல் தெரிய அது வேண்டும். பையன் ஆறு மாதம் கழித்து வீடு திரும்புகிறான். பிறகு வெளிநாட்டு வேலைக்கு மனுப் போடுகிறான். அவன் பெயரைத் தேடினால் "கைது" என்று வந்தால் எப்படி இருக்கும்?

உச்சிப்புளி டீச்சர்

இது மிக முக்கியம் ஐயா. அன்றைய செய்தியாக இருந்தால் பெயர் வேண்டும், அதை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். பத்து வருடம் நிற்கப்போகும் பக்கத்தில் "தங்கச்சிமடத்தைச் சேர்ந்த நான்கு பேர்" என்பது போதும். படகு என்ன ஆனது, குடும்பம் அந்த மாதங்களை எப்படித் தள்ளியது, கடனுக்கு யார் பொறுப்பேற்றார் என்பதைப் பெயரில்லாமலே எழுத முடியும். செய்தித்தாளில் வராததும் அதுதான்.

பழைய பதிவர்

நான் இதற்கு எதிர். முழுக்க எதிர் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயரில்லாத பதிவுகள் என்ன ஆகின்றன என்று தனுஷ்கோடியைப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு டிசம்பர் 23-ஆம் தேதியும் 1964 புயல் பற்றி அதே பதிவு சுற்றுகிறது. அதே நான்கு படங்கள். ரயிலில் இறந்தவர்கள் 115 என்று ஒருவர், 200-க்கு மேல் என்று இன்னொருவர். யார் சொன்னது, யாரிடம் கேட்டது, எப்போது கேட்டது, ஒன்றும் கிடையாது. கடைசியில் "படித்ததில் பிடித்தது" என்று ஒரு வரி. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்களில் ஒருவர் நேரில் பார்த்ததைச் சொன்னால், அவர் சம்மதத்தோடு பெயரையும், சொன்ன தேதியையும் போட்டு, அவர் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். ரயிலைப் பற்றி அவருக்குத் தெரியாவிட்டால் ரயிலை எழுதாதீர்கள். பெருமைக்குப் பெயர் வேண்டும், துன்பத்துக்குப் பெயர் வேண்டாம் என்று பொதுவாக விதி போட முடியாது. சம்பந்தப்பட்டவரிடம் கேட்பதுதான் விதி.

பாம்பன் பாலமும் இப்படித்தான். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தபோது எத்தனை குறும்படங்கள் வந்தன! நானும் பார்த்துக் களித்தேன். 1914-இல் திறந்த பழைய பாலத்தின் நடுப்பகுதியைக் கப்பல் வரும்போது ஆட்கள் கையால் நெம்பித் திறந்தார்கள். எத்தனை பேர் நிற்பார்கள், எவ்வளவு நேரம் பிடிக்கும், காற்றடிக்கும் நாளில் என்ன செய்வார்கள், கூலி என்ன? அந்த வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பாலத்தை வானிலிருந்து படம்பிடிக்க ஆயிரம் பேர், அவர்களிடம் உட்கார்ந்து கேட்க ஒருவர்கூட இல்லை.

உப்புக்காற்று

கேட்டுச் சொன்னால் நான் படம்பிடிக்கிறேன் ஐயா. கேலி செய்யாதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். நீங்கள் எழுத்தை உங்கள் பதிவில் போடுங்கள், நான் காணொளியின் கீழே அந்த இணைப்பைக் கொடுக்கிறேன்.

பழைய பதிவர்

ஒப்பந்தம். ஆனால் தலைப்பு நான்தான் வைப்பேன்.

கீழக்கரை கடிதம்

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டோம். நாம் திறந்த வெளியில் எழுதுவதை இப்போது செயற்கை நுண்ணறிவு எந்திரங்கள் படித்து, யார் எழுதியது என்று சொல்லாமல் பதிலாகக் கொடுக்கின்றன. வாசகர் நம் பக்கத்துக்கு வருவதே இல்லை. அப்படியிருக்க எதற்காகத் திறந்து வைக்க வேண்டும்?

மண்டபம் முகாம்

தேடுஎந்திரங்களுக்கும் இந்த மாதிரி எந்திரங்களுக்கும் "இதை எடுக்காதே" என்று சொல்லும் ஒரு சிறு கோப்பை நம் தளத்தில் வைக்கலாம். 1994-லிருந்து இருக்கும் வழக்கம்தான். ஆனால் அது வேண்டுகோள், பூட்டு இல்லை. மதிப்பவர்கள் மதிப்பார்கள்.

வடகடலான்

காக்கா, இந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் ஒரு நாள் அப்படிப்பட்ட எந்திரத்திடம் பாக் நீரிணையில் கச்சான் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். வேறு எங்கோ உள்ள கடலைப் பற்றிய செய்தியை எடுத்து எங்கள் கடல் என்று அளந்தது. நாம் எழுதாவிட்டாலும் அது வாயை மூடாது, யாரோ எழுதியதை வைத்து நம்மைப் பற்றிப் பேசும். அதற்கு நாமே எழுதியிருப்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. வருத்தம் இருக்கத்தான் செய்கிறது, அதை மறைக்கவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். கூகுளின் இலவச பிளாக்கரா, காசு கட்டிச் சொந்த முகவரியா?

மண்டபம் முகாம்

சொந்த முகவரி. அப்போதுதான் நாளை ஒரு கம்பெனி கதவை மூடினாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் அதே முகவரியில் இறங்கலாம். வாசகருக்கு வித்தியாசமே தெரியாது.

பழைய பதிவர்

நான் இலவசம் என்பேன், சிரிக்காதீர்கள். என்னோடு எழுதியவர்களில் சிலர் இப்போது உயிரோடு இல்லை. பிளாக்கரில் எழுதியவர்களின் பக்கங்கள் இன்னும் திறக்கின்றன. சொந்த முகவரி வாங்கியவர்களுடையது அடுத்த வருடச் சந்தாவைக் கட்ட ஆளில்லாமல் போய், அங்கே இப்போது சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது. பிள்ளைகளுக்கு அப்பா எழுதினார் என்பதே தெரியாது, சந்தாவை யார் கட்டுவார்?

மண்டபம் முகாம்

ஐயா சொல்வதை மறுக்க முடியவில்லை. ஆனால் கூகுளும் இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. ஆகவே இலவசம் என்று கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அதே கணக்கில் ஒரு வசதி இருக்கிறது: குறிப்பிட்ட காலம் நாம் உள்ளே வராவிட்டால் நம் தரவுகளை யாருக்குக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே பெயர் குறித்துவைக்கலாம். அதைச் செய்யுங்கள். எங்கே எழுதினாலும் மாதத்துக்கு ஒருமுறை முழுப் பதிவையும் ஒரு கோப்பாக இறக்கி வன்வட்டில் வையுங்கள். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் முக்கியமான பக்கங்களின் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிடுங்கள், காசு கிடையாது.

எழுத்து ஒருங்குறியிலேயே (யூனிகோட்) இருக்கட்டும். பழைய திஸ்கி எழுத்துருவில் எழுதிய பக்கங்களை இப்போது திறந்தால் கொசகொசவென்று குறிகள்தான் தெரிகின்றன. முக்கியமாக, தமிழ் வரிகளைப் படமாக்கிப் போடாதீர்கள். நிறைய பேர் அழகான பின்னணியில் வரிகளை எழுதிப் படமாகப் போடுகிறார்கள், தேடினால் அகப்படாது.

உச்சிப்புளி டீச்சர்

தலைப்பில் மாதமும் ஊரும் வருடமும் இருக்கட்டும் தம்பி. "மனதைத் தொட்ட மாலைப்பொழுது" என்று வைத்தால் என் பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஊர்ப் பெயரை ராமேஸ்வரம், இராமேசுவரம் என்று இரண்டு விதமாகவும் கட்டுரைக்குள் எங்காவது எழுதிவிடுங்கள்.

வடகடலான்

சரி. இப்படிச் செய்யப்போகிறேன். அன்றன்றைய மீன் விலையும் வரத்தும் வழக்கம்போல வாட்ஸ்அப்பிலும் சமூக ஊடகத்திலும். அது அன்றைக்குத்தான் தேவை, மறுநாள் யாருக்கும் வேண்டாம். மாத முடிவில் உட்கார்ந்து, அந்த மாதத்தின் காற்று, நீர், வரத்து, கரைவலைக்கு என்ன கிடைத்தது என்று ஒரே பதிவு. பாரின் இடம் கிடையாது, பிடிபட்டவர் பெயர் கிடையாது. பழைய குறிப்புகளுக்காக அந்தத் தளத்திலிருந்து என் தரவுகளை இறக்கித் தரும்படி கேட்டிருக்கிறேன். கோப்பு வந்ததும் மண்டபம் முகாம் அண்ணன் கடைக்கு வருகிறேன், பிரித்து அடுக்கித் தாருங்கள்.

ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கும். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் ஏலத்துக்கு வரும், எனக்கு வேலை குறைவு. அதற்குள் பழையவற்றை ஏற்றிவிடலாம்.

கடைசிச் சந்தேகம். பின்னூட்டங்களைத் திறந்து வைக்கலாமா?

பழைய பதிவர்

திறந்து வையுங்கள், ஆனால் நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி வையுங்கள். இல்லாவிட்டால் கடன் தருகிறோம் என்பவர்களும் வசிய மை விற்பவர்களும் வந்து நிரப்பிவிடுவார்கள். பழைய பதிவுகளுக்கு மூடிவிடுவது இன்னும் நல்லது.

பாய்மரம்

பழையதுக்கு மூடாதே தம்பி. இரண்டு வருடம் கழித்துத்தான் ஒருத்தனுக்கு ஞாபகம் வரும், "அன்றைக்கு அப்படி இல்லை, இப்படி" என்று.

கீழக்கரை கடிதம்

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். அந்த மூன்றாவது வரி எனக்கு வந்து சேர்ந்தது பதிவு போட்டு வெகுகாலம் கழித்து.

சாயல்குடி மிளகாய்

என்னுடைய பின்னூட்டங்களை அனுமதிப்பீர்களா அண்ணே, அதை மட்டும் சொல்லுங்கள்.

வடகடலான்

ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான். குண்டு மிளகாய் விலை பற்றி எழுதினால் உடனே வெளியிடுகிறேன், அதுவும் இந்த மாவட்டத்துக் கணக்குதான்.